எதிர்வீட்டுக்காரி

"வாயைத் தொறடி" என்றாள் கெங்கம்மாள்.

லோகநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டாள். கெங்கம்மாளா விடுகிறவள்? ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். மறு கையில் மாத்திரைகள் வியர்வையில் பிசுபிசுத்தன.

தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தரும் உள்ளே வந்து தடுக்கவில்லை. லோகநாயகியின் புருஷன் வேலுசாமி ராத்திரி ஷிப்டு முடித்து வந்த காக்கிச் சட்டையோடு கதவருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேருக்கும் உள்ள பகை பாடி ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. கெங்கம்மாளின் மகளைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து வந்தவர்கள் எதிர்வீட்டில் விசாரித்தபோது, அந்தப் பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று கூசாமல் சொன்னவள் இந்த லோகநாயகி. வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சாடைப் பேச்சும் வசவும் மட்டும் தாராளம்.

அப்படிப்பட்டவளுக்குக் காசநோய் வந்து, அவளுக்கு மருந்து கொடுக்கிற வேலை பால்வாடி ஆயாவான தன் தலையிலேயே விழும் என்று கெங்கம்மாள் கனவிலும் நினைக்கவில்லை. தொண்ணூற்றொன்பதில் அது புதிதாக வந்திருந்த ஏற்பாடு. வாரத்தில் மூன்று நாள், வெளியாள் ஒருவர் கண் முன்னால்தான் நோயாளி மாத்திரையை விழுங்க வேண்டும். வீட்டு ஆட்கள் கையில் கொடுக்கக் கூடாது.

அவள் முகத்தில் விழிப்பதே பாவம், வேறு ஆளைப் பாருங்கள் என்று நர்ஸ் செலினிடம் கெங்கம்மாள் சண்டைக்கே போனாள். "நீங்கதான் வேணுமாம் ஆயாம்மா. வேற யாரும் வேணாமாம்" என்று சொல்லி மருந்துப் பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போனாள் செலின். பெரிய டாக்டர் உத்தரவு போலிருக்கிறது என்று கெங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

போன தடவை மருந்து வேலுசாமியின் பொறுப்பில்தான் இருந்தது. குமட்டுகிறது என்று அவள் அழுதால், பாவம், நாளைக்குப் போட்டுக்கொள் என்பான். அவன் இல்லாத நேரம் லோகநாயகியின் தங்கை ஜெகதாம்பாள் வருவாள். அவளும் அதையேதான் சொல்வாள். இருமல் கொஞ்சம் அடங்கியதும் மாத்திரை பரணுக்குப் போய்விட்டது. அப்புறம் இருமலோடு ரத்தமும் வந்தது. இந்த முறையும் நடுவில் விட்டால் எந்த மருந்தும் கேட்காது, ஆளையே தூக்கிவிடும் என்று செலின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இன்றைக்குக் காலையிலிருந்தே லோகநாயகிக்குக் குமட்டல். ஒரே ஒரு நாள் விட்டுவிடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கும்பிட்டதைப் பார்க்கக் கெங்கம்மாளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"செத்துத் தொலையறதா இருந்தா இத்த முழுங்கிட்டுச் சாவு. நான் குடுக்கலன்னு நாளைக்கு எம்மேல பழி வரக் கூடாது."

வேலுசாமிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டான். மாத்திரைகள் தரையில் உருண்டன.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? இனிமே இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத. இப்பவே நர்சம்மாவாண்ட போயி ஆள மாத்திக்கினு வரேன். எம் மச்சினிச்சி குடுப்பா."

"மாத்திக்கோ. எனக்கு இன்னா வந்துச்சு?" என்றாள் கெங்கம்மாள். பெட்டியை 'டொக்'கென்று தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். விட்டது சனியன் என்று நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஏய் கெங்கா, நில்லுடி."

கெங்கம்மாள் திரும்பினாள். லோகநாயகி தரையில் தவழ்ந்து தவழ்ந்து மாத்திரைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலுசாமி பதறிப்போய் அவளைத் தூக்கப் போனான். இன்றைக்கு வேண்டாம், ஜெகதா வந்ததும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினான்.

அவன் கையை உதறிவிட்டு, அத்தனை மாத்திரையையும் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள் லோகநாயகி. குமட்டிக்கொண்டு வந்ததை வாயைப் பொத்தி அடக்கினாள். பிறகு கெங்கம்மாளை அதே பழைய வெறுப்போடு முறைத்துப் பார்த்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீயும் பாவம் பாப்ப, ஜெகதாவும் பாவம் பாப்பா. நர்சம்மாவாண்ட இவளக் கேட்டு வாங்குனதே நான்தான்யா."