அனுமதி அளித்தவர்

"அம்மா, செத்துப் போனவங்க பேரு கம்ப்யூட்டர்ல இருக்குமா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"இருக்காது. நான்தாண்டி எடுத்துடுவேன்."

அலுவலகத்தில் அம்மாவோடு வேலை பார்த்த அண்ணன் போன மாதம் இறந்ததும் அவருடைய கணினிக் கணக்கை அவள்தான் மூடினாள்.

இன்று அலுவலகத்தில் புது மின்னஞ்சலை நிறுவுமுன், ஊழியர் பெயர்களெல்லாம் இருக்கும் சர்வரின் டைரக்டரியைத் தயார்செய்ய வேண்டும். முடித்தால்தான் மகளின் பள்ளி நாடகத்துக்குப் போகலாம். திரையோ 'அனுமதி இல்லை' என்றது. மேலாளரை அழைத்தாள்.

"அந்த அனுமதி அண்ணன்கிட்டதானே இருந்துச்சு! மேல சிக்னல் கிடைச்சா கேட்டுப் பாரும்மா."

சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் மனசு வைங்க."

மறுபடி முயன்றாள். வேலை மளமளவென்று முடிந்தது. திரையில் 'அனுமதி அளித்தவர்' என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருந்தது. நேரம், சற்று முன்.

அறையில் வேறு யாருமில்லை. கைகூப்பிவிட்டு, மேலாளருக்கும் முன்னதாக முதல் அஞ்சல் பெட்டியை அண்ணன் பெயரில் திறந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.