திரும்பிய நேரம்

காலையில் நீதிபதி முகம் மழித்து, தேநீர் குடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலருகே தொங்கும் நோட்டில் புறப்படும் நேரத்தைப் பென்சிலால் எழுதுவார். போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய காலத்துப் பழக்கம். வீட்டில் யார் வெளியே போனாலும் ஒரு வரி, அதில் புறப்பட்டது, திரும்பியது என்று இரண்டு கட்டங்கள்.

"பால் வாங்கப் போறதுக்குமா, கேப்டன்?" என்று மனைவி கேலி செய்வாள்.

போரில் திரும்பாத விமானங்களுக்கு இரண்டாவது கட்டம் காலியாகவே கிடக்கும். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது எழுதிய வரியும் அப்படித்தான் கிடந்தது. அவளுடைய அடக்கம் முடிந்த மறுநாள் கோர்ட்டிலிருந்து வந்து பார்த்தபோது அதில் 3.10 என்று இருந்தது. மூன்று என்ற எண்ணில் அவளுடைய கையெழுத்தின் கோணல். அழித்தார். மறுநாள் மாலையும் 3.10 இருந்தது.

இன்று அதை மறுபடி அழித்துவிட்டு, வழக்குகளைத் தள்ளிவைக்கச் சொல்லி பெஞ்ச் கிளார்க்குக்குப் போன் செய்தார்.

"உடம்பு ஏதும் முடியலைங்களா, ஐயா?"

"ஒருத்தங்க வர்றாங்க. நான் வீட்ல இருக்கணும்."

இரண்டரை மணியிலிருந்து திறந்த கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. மூன்றேகாலுக்கு எழுந்து நோட்டைப் பார்த்தார். 3.10 இருந்தது. ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "திரும்பின நேரத்தை நீங்களே போட்டுடாதீங்க, கேப்டன். நான் வந்து எழுதிக்கிறேன்."