இரண்டாவது பயிற்சி

அந்தக் கம்பெனியைத் தன் கிராமத்துப் பள்ளிக்குக் கொண்டுவரத் தலைமை ஆசிரியை நடையாய் நடந்திருந்தார். படிக்கும்போதே பிள்ளைகள் ஒரு தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை.

இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் பயிற்சிக்கு, அவர் மகள் உட்படப் பாதிப் பேர் அன்று காலையே கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார்கள்.

"மீதிப் பிள்ளைங்களை அம்போன்னு விட்டுட்டீங்களே, சார்?" என்றார், பள்ளிக்கு வந்திருந்த கம்பெனி அதிகாரியிடம்.

"விடுவோமா மேடம்? அவங்களுக்கு வேற பயிற்சி. செயற்கைக் கை செய்யறது. இங்கேயே ஷெட் போட்டுத் தர்றோம்."

ஆசிரியைக்கு வாயெல்லாம் பல். இருந்தாலும் கேட்டு வைத்தார்.

"நல்ல காரியம்தான் சார். ஆனா அதெல்லாம் விலை போகுமா? நாளைக்கு இதுங்க வேலை இல்லாம நிக்கக் கூடாது பாருங்க."

அதிகாரி சிரித்தார்.

"வெளியில விக்கற பேச்சே இல்ல மேடம். எங்க பிரஸ் செக்‌ஷனுக்கே பத்த மாட்டேங்குது."

ஆசிரியை பதறிப்போய் மகளின் கைப்பேசிக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தார்.

"பொண்ணுக்கா மேடம்?" என்றார் அதிகாரி கனிவாக. "இப்ப மெஷின்ல நிப்பா. கை ஒழிஞ்சதும் பேசுவா."