பெயர் எழுதாத படிவம்

"பேரு எழுத மாட்டோம். நீங்க சொல்றது இந்த ஃபாரத்தைத் தாண்டி எங்கயும் போகாது. ஆனா பொய் மட்டும் சொல்லக் கூடாது" என்றாள் ஸ்மரண்டா.

"என் பொண்டாட்டி காதுக்கும் போகாதே?" என்று கேட்டான் கோஸ்டெல். உதட்டோரத்தில் குறும்பு.

"கணக்கெடுக்க வந்தவ நான். எனக்கெதுக்கு உங்க குடும்ப வம்பு?"

"அப்ப கேளுங்க மேடம்."

ஈஸ்டர் முடிந்த வாரம். மேஜையில் சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள் இரண்டு மிச்சமிருந்தன. ருமேனியாவை விட்டு வெளிநாடு போய் உழைக்கிறவர்களின் சம்பளம் பற்றி ஓர் ஆய்வு. அதற்காக வீடு வீடாகப் போய்க் கேட்பது ஸ்மரண்டாவின் வேலை. மொத்தம் நாற்பது கேள்வி. கோஸ்டெலுக்குத் திங்கட்கிழமை ஜெர்மனிக்கு பஸ். இந்த மனுஷன் மறுபடி ஏறுவானா, மாட்டானா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பாழாய்ப்போன அந்தக் கேள்வி கடைசியில் இருந்தது.

"என்ன வேலை?"

"பன்றிக்கறி வெட்டுற ஃபாக்டரி. அஞ்சு வருஷமாச்சு."

"மாசச் சம்பளம்?"

"காகிதத்துல ரெண்டாயிரத்து நூறு யூரோ. கட்டில் வாடகை, வேன் கூலி, கத்தி தீட்டுற காசு எல்லாம் பிடிச்சது போக ஆயிரத்து முந்நூறு. கட்டில்னா சொந்தக் கட்டில்னு நெனைச்சுடாதீங்க. நான் எந்திரிச்சதும் இன்னொருத்தன் வந்து படுப்பான்."

அவள் பேனா நின்றது. "வீட்டுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அதுவும் ஃபாரத்துல இருக்கா?"

"இருக்குன்னு வெச்சுக்கோங்க."

"தெரியாது. தனி ரூம், சூடா சாப்பாடு, ராஜா மாதிரி இருக்கேன்னு போன்ல அளந்து விடுவேன்."

"உடம்பு?"

"காலையில விரல் மடங்காது. வெந்நீர்ல கொஞ்ச நேரம் வெச்சாத்தான் கத்தியே பிடிக்க வரும்."

ஸ்மரண்டாவுக்கு அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட வேண்டும் போலிருந்தது. கணக்கெடுக்க வந்தவளுக்கு அதெல்லாம் ஆகுமா? குனிந்து எழுதினாள்.

ஒரு வழியாக நாற்பதாவது கேள்வி வந்தது.

"அடுத்த வருஷம் இதே நாள், இதே வேலையில இருப்பீங்களா?"

கோஸ்டெல் ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான்.

"ஆசைப்பட்டா இருக்கேன்? இங்கயே மரம் அறுக்கிற மில்லுல பாதிச் சம்பளம் தர்றேங்கறாங்க. எனக்கு அது போதும். அவ பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சூப் குடிக்க அஞ்சு வருஷமா ஏங்கிச் சாகறேன், மேடம். ஆனா அவ ஒரு தடவைகூட 'வந்துடு'ன்னு சொன்னதில்லையே! 'இங்க எல்லாம் சௌகரியமா இருக்கு, கவலைப்படாதே'ம்பா. சரி, அவளுக்குப் பணம்தான் வேணும் போலன்னு நானும் கெடந்துட்டேன்."

ஸ்மரண்டா அந்த ஃபாரத்தை நாலாகக் கிழித்துப் போட்டாள்.

"ஐயோ, என்ன மேடம்! இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்?"

"செல்லாது. கட்டின புருஷனைப் பேட்டி எடுக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல விதி" என்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நானும் அஞ்சு வருஷமா போன்ல பொய்தான் சொன்னேன், கோஸ்டெல். போகாதே!"