கழியில் கட்டாத கோழி

படகுக்காரர் துடுப்பின் தட்டையான பக்கத்தால் தண்ணீரை ஓங்கி அறைந்தார்.

"இந்தச் சத்தத்துக்கு வந்துரும். பழக்கி வெச்சிருக்கோம். யாரும் கையை வெளிய நீட்டாதீங்க."

இரண்டு பக்கமும் கோரை ஆளுயரத்துக்கு நின்றது. கால்வாய் அங்கே குறுகியிருந்தது. வரும் வழியில் ஒரு நீர்ப்பறவை மீனை அலகால் குத்தித் தூக்கி, தலைப்பக்கமாகத் திருப்பி, துடிக்கத் துடிக்க விழுங்கியது. கேமராவில் அது நன்றாக விழுந்திருந்தது. ஆனால் அவர்கள் வந்தது முதலைக்காக.

மாமா, மாமாவின் சிநேகிதரான பல் டாக்டர், மைத்துனன். மூன்று பேர்.

மாமா டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். யார் வண்டி ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் கால் பிரேக்கைத் தேடும். படகிலும் தேடிக்கொண்டிருந்தது.

காலையில் அவரைக் கூட்டிப்போக மைத்துனன் வந்தபோது அவன் அக்கா வெளியே வரவில்லை. கதவிடுக்கில் கை மட்டும் நீண்டு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தது. இன்னொரு கையில் இருந்த கைக்குட்டை சட்டென்று கதவுக்குப் பின்னால் போனது.

"ஜலதோஷம்," என்றார் மாமா.

தண்ணீரில் முதலில் இரண்டு மேடுகள் தெரிந்தன. கண்கள். வெகு தூரம் தள்ளி வால் அசைந்தது. நடுவில் இருப்பதெல்லாம் ஒரே உடம்பு என்று புரிந்ததும் டாக்டர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பல்லு விழ விழ முளைக்குமாம் இதுக்கு. ஊர்ல எல்லாரும் இப்படி இருந்தா நான் கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான்."

படகுக்காரர் சிரித்துக்கொண்டே துடுப்பைக் கீழே வைத்தார். உரித்த கோழியைக் கழியின் நுனியில் கட்டப் போனார். கழி இரண்டு ஆள் நீளம் இருக்கும்.

மாமா கோழியைப் பிடுங்கினார்.

"குடுய்யா. குச்சியில பொம்பளைங்ககூட குடுப்பாங்க."

எழுந்து நின்று, விளிம்புக்கு வெளியே கையை நீட்டினார். படகு சாய்ந்தது. ஐயா, என்று படகுக்காரர் ஆரம்பித்தார்.

தண்ணீர் வெடித்தது.

கோழி இல்லை. முழங்கைக்குக் கீழே கையும் தெரியவில்லை. அதன்மேல் தாடை மூடியிருந்தது.

மாமா கத்தவில்லை. யாரோ தன்னிடம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டதுபோல் அதைப் பார்த்தார். அடுத்த இழுப்பில் அவர் நெஞ்சு விளிம்பில் மோதியது. உள்ளே ஏதோ சுள்ளி ஒடிவதுபோல் ஒடிந்தது.

டாக்டர் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். படகுக்காரர் எதிர்ப்பக்கம் பாய்ந்து, படகு கவிழாமல் முழு உடம்பையும் வெளியே சாய்த்துத் தொங்கினார். அவரால் நகர முடியாது. துடுப்பு மைத்துனன் காலடியில் கிடந்தது.

"கண்ணுல குத்துங்க தம்பி! அது உருள ஆரம்பிச்சா கை தோளோட போயிரும்!"

மைத்துனன் துடுப்பை எடுத்தான்.

கண் அவனுக்கு நேர் கீழே இருந்தது. மஞ்சள். நடுவில் கறுப்பாக ஒரு கீற்று. முட்டிபோட்டால் விரலால் தொடலாம்.

"அடிடா!" என்றார் மாமா.

அடித்தான்.

முதல் அடி மாமாவின் முழங்கையில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. அப்போதுதான் மாமா கத்தினார். கோரைக்குள் இருந்த பறவைகள் மொத்தமாக எழும்பின. மூன்றாவது அடியில் துடுப்பின் முனை கண்ணுக்குள் இறங்கியது.

தாடை திறந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் டாக்டர் தன் பெல்ட்டால் மாமாவின் மேற்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். படகின் அடியில் தேங்கிய தண்ணீர் அவர்கள் செருப்பைச் சிவப்பாக நனைத்தது.

"பயத்துல குறி தப்பிருச்சு, பாவம்," என்றார் டாக்டர். "ஆனா இவன் இல்லேன்னா ஆளே போயிருப்பான்."

படகுக்காரர் மைத்துனனை ஒரு முறை பார்த்தார். பிறகு துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் கழுவினார்.

ஆஸ்பத்திரியில் மாமாவை உள்ளே கொண்டுபோனதும் மைத்துனன் அக்காவுக்கு போன் செய்தான். முதலை என்றான். உயிருக்குப் பயமில்லை என்றான். ஒரு கையை எடுக்க வேண்டியிருக்கும், முழங்கை நொறுங்கிவிட்டது என்றான்.

அவள் அழவில்லை. வாயால் மூச்சு விடுவது கேட்டது. காலையில் அந்தக் கைக்குட்டை சிவந்திருந்ததை அவன் பார்த்திருந்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல்தான் வண்டியை எடுத்தான்.

"எந்தக் கை?" என்றாள்.

"வலது கைதான்க்கா."