முன்பின் தெரியாத ஒருவர்

"ஒரு நிமிஷம் பேசாம இருங்க சார். உங்க பக்கம் மழை பெய்யுது, இல்ல?"

நோயல் பேச்சை நிறுத்தினார். லிங்கராஜபுரத்து மாடி அறையின் தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால், உங்கள் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மழையைப் பற்றி விசாரிக்கும் ஒரு பெண்ணோடு அவர் இதுவரை பேசியதில்லை.

அது 2003. கல்லூரி வேலையை விட்டுவிட்டு, மருத்துவக் கருவி ஆராய்ச்சிகளுக்கென்று இணையத்தில் ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார் நோயல். சந்தா கிடையாது, பூட்டு கிடையாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். வேலையற்ற வேலை என்று பழைய சகாக்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கோ ஒரு சின்ன ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார், படத்தை உற்றுப் பார்க்கிறார், கம்பியும் ஈயமுமாக உட்கார்ந்து தன் ஊர்க்காரர் ஒருவருக்குக் கருவியைச் செய்து கொடுத்துவிடுகிறார். இதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் காபி ஆறிப்போவதுகூட அவருக்குத் தெரியாது.

இன்று மாலை புதிய இதழை இணையத்தில் ஏற்ற வேண்டும். தொலைபேசிக்கும் இணையத்துக்கும் இருப்பது ஒரே லைன். இந்தப் பெண் போனை வைத்தால்தான் வேலை நடக்கும்.

அவள் பெயர் இளவேனில். அல்சூரில் கோதண்டராமன் என்ற பொறியாளர் நடத்தும் ஆய்வுக்கூடத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவள் என்று சொல்லியிருந்தாள். இன்றைக்குத்தான் முதல் பேச்சு. கோதண்டராமன் செய்திருந்தது, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. காது அநேகமாகப் போய்விட்டவர்களுக்கு, மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கேட்கும் திறனுக்கு எட்டுகிற மாதிரி அது பேச்சை மாற்றிக் கொடுக்கும். அதை மாட்டிக்கொண்டால் முன்பின் தெரியாதவரோடுகூடத் தொலைபேசியில் சகஜமாகப் பேசலாம் என்றது கட்டுரை. படித்துப் பார்த்த நிபுணர்கள் அந்த இடத்தில்தான் முரண்டு பிடித்தார்கள்.

மழைச் சத்தத்தை மீறி நோயல் குரலை உயர்த்தினார்.

"கத்த வேணாம் சார். நல்லாவே கேக்குது."

அவர் குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார். சோதனையில் மறுமுனையில் பேசியவர்கள் எல்லோரும் ஆய்வுக்கூடத்து ஆட்கள். எழுதி வைத்ததை நிறுத்தி நிதானமாகப் படித்திருக்கிறார்கள். அது சோதனையா, பள்ளிக்கூட ஒப்பித்தலா என்று ஒரு நிபுணர் கேட்டிருந்தார்.

"அது என்ன சார், டக் டக்னு?"

"ஃபேன்மா. ஒரு றெக்கை வளைஞ்சிருக்கு."

"நல்லா இருக்கு" என்றாள், ஏதோ பாட்டுக் கச்சேரியைச் சொல்வதுபோல.

நோயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே தெருவில் கீரைக்காரம்மா பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு "சொப்பு, சொப்பு" என்று கன்னடத்தில் கீரை கூவிக்கொண்டே போனாள். அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது போல என்றாள் இளவேனில். வருஷக்கணக்காக அதே தெருவில் இருந்தும் தான் அந்தக் குரலை இப்படிக் கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது. இந்த மழையிலேயே, இந்தப் பெண்ணின் பேச்சிலேயே சாயங்காலம் முழுவதும் கழிந்துவிட்டால் என்ன என்றுகூட இருந்தது.

பிறகு அவளே விஷயத்துக்கு வந்தாள். ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுவிட்டது. நாளைக் காலையில் ஒரு கம்பெனி ஒப்பந்தத்தோடு வருகிறது. கையெழுத்தானால் பெட்டியின் வரைபடம் அவர்கள் அலமாரிக்குப் போய்விடும். பிறகு வசதியுள்ளவர்கள் மட்டும்தான் வாங்க முடியும். கட்டுரை இன்றைக்கு வந்துவிட்டால் கையெழுத்துப் போடுவதில்லை என்று கோதண்டராமன் சொல்லியிருக்கிறார்.

"ஒரு தடவை உங்க பத்திரிகைல வந்துட்டா அது எல்லாருக்கும் பொதுவாயிடும். அப்புறம் யாராலயும் பூட்டி வைக்க முடியாது சார்."

நோயலின் அந்த ரேடியோ ரிப்பேர்க்காரர் கண் முன்னால் வந்து நின்றார். ஆனாலும் நிரூபிக்காததை எப்படிப் போடுவது?

"எனக்கும் ஆசைதாம்மா. ஆனா இதை நம்பி ஒரு ஏழை மனுஷன் வாங்கி மாட்டிக்கிட்டு ஏமாந்துட்டா, அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். முன்பின் தெரியாத ஒரே ஒருத்தர்கிட்ட, எழுதி வைக்காத பேச்சு, போன்ல. அப்படிப் பேசின ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. ஏத்திடறேன்."

"சோதனையில கலந்துக்கிட்டவங்க யாருன்னு பத்திரிகைக்குச் சொல்லக்கூடாதுன்னு கோதண்டராமன் சார் கண்டிப்பா சொல்லியிருக்கார்" என்றாள் இளவேனில். "ஆமாம்மா, அதுதான் விதி" என்றார் நோயல், ரிசீவரை வைக்கப் போகிற மனசோடு.

"எங்க சார் திட்டினா திட்டிட்டுப் போகட்டும். அந்தப் பெட்டி இப்ப என் இடுப்புலதான் இருக்கு."