விருந்தாளிக்கு மட்டும்

அபெமாமா தீவு, மார்ச் 9. சிறு தவறு செய்துவிட்டேன்.

கவோதிரே அக்காவின் கர்ப்பிணி மகளுக்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அவர்கள் கிணற்றில் உப்பு அதிகம் என்று தீவின் கிணறுகளைச் சோதிக்கும் என் கருவி மூன்று மாதமாகக் காட்டியது. போகும்போதெல்லாம் அவர் தந்த தண்ணீர் தித்தித்ததால், கருவி பழுது என்று அந்த எண்களைப் பதிவேட்டில் அடித்து நீக்கிவிட்டேன்.

இன்று புதுக் கருவியும் அதையே காட்டியது.

"அக்கா, நீங்க குடுத்த தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு?"

அவர் சிரித்தார். "படிச்ச புள்ள, இதுகூடத் தெரியாதா? விருந்தாளிக்கு யாராவது கிணத்துத் தண்ணி குடுப்பாங்களா? அது சர்ச் தொட்டியில கெஞ்சி வாங்கின மழைத் தண்ணி, தம்பி. கிணத்துத் தண்ணி எங்களுக்கு."

"இனிமே அக்காவும் பொண்ணும் மழைத் தண்ணியே குடிங்க."

"தொட்டி நேத்தே காஞ்சுபோச்சு. கடைசிச் சொம்பு நீ இப்பக் குடிச்சது."

நாளை: கிணற்று நீரைக் குடிக்கக் கூடாதென்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.